தமிழில் ஒரே ‘கூட்டம்’, ஆங்கிலத்தில் இருபது சொற்கள்: எதை எங்கே எழுதுவது?

கல்யாண மண்டபத்தில் கூட்டம். ரேஷன் கடையில் கூட்டம். தேரோட்டத்துக்கு வந்ததும் கூட்டம், கட்சி மேடைக்கு முன்னால் நிற்பதும் கூட்டம், செயற்குழு கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் அதுவும் கூட்டம்தான், காட்டில் யானைகள் சேர்ந்து போனால் அதற்கும் அதே சொல். தமிழில் இந்த ஒரு சொல் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும், எந்தக் கூட்டம் என்பதைப் பக்கத்தில் வரும் சொல் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்துக்கு மாற்றும்போதுதான் சிக்கல், ஏனென்றால் அங்கே நீங்கள் எடுக்கும் சொல்லே வந்தவர்கள் யார், எதற்காக வந்தார்கள், ஒழுங்காக நடந்துகொண்டார்களா, அவர்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதையெல்லாம் சொல்லிவிடுகிறது.

நான் மொழிபெயர்க்கத் தொடங்கிய புதிதில், ஒரு தேரோட்டக் கட்டுரையில் வடம் பிடிக்க வந்த மக்களை ‘மாப்’ என்று எழுதிக் கொடுத்தேன். அகராதியில் அதற்கு மக்கள் கூட்டம் என்றும் ஒரு பொருள் போட்டிருந்தது. சரிபார்த்தவர் அந்தச் சொல்லை வட்டமிட்டு, ஓரத்தில் பென்சிலால் “யாரை அடித்தார்கள்?” என்று எழுதித் திருப்பி அனுப்பினார். ஊரே கூடி பக்தியோடு தேர் இழுத்ததை நான் கலகமாக மாற்றியிருந்தேன். அன்றிலிருந்து கூட்டம் என்ற சொல் வந்தாலே சில கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன். செய்தி எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லோருக்கும் இது உதவும்.

படி 1: முதலில் ‘க்ரவுட்’ என்று எழுதிவையுங்கள்

சந்தேகமாக இருந்தால் க்ரவுட். இதன் பழைய ஆங்கில வேர்ச்சொல்லுக்கு நெருக்கு, தள்ளு என்று பொருள். அந்த நெருக்கம் இன்னும் சொல்லில் ஒட்டியிருக்கிறது, ஆனால் குற்றம் எதுவும் இல்லை. கோயில் வாசலில் நிற்பவர்கள், தீபாவளிக்கு முதல் நாள் கடைத்தெருவில் நிற்பவர்கள், கிரிக்கெட் மைதானத்தில் கைதட்டுபவர்கள் எல்லோரும் க்ரவுட்தான். சொந்த ஊர் அணிக்கு ஆதரவாகக் கத்தும் கூட்டத்தை ‘ஹோம் க்ரவுட்’ என்று அன்பாகவே சொல்வார்கள். இந்தச் சொல்லை விட்டு வேறு சொல்லுக்குப் போக வேண்டுமென்றால் அதற்குக் கையில் ஒரு காரணம் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் இந்த ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதித் தவறுகள் நின்றுவிடும்.

நாம் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. “பஸ்ஸில் ஒரே கூட்டம்” என்பதை அப்படியே “டூ மச் க்ரவுட் இன் த பஸ்” என்று எழுதிவிடுகிறோம். க்ரவுட் எண்ணக்கூடிய பெயர்ச்சொல், அதனால் தண்ணீருக்கும் பாலுக்கும் போடும் ‘மச்’ இதற்கு ஒட்டாது. “த பஸ் வாஸ் பேக்ட்”, அல்லது “த பஸ் வாஸ் வெரி க்ரவுடட்” என்று எழுதுங்கள். அளவைச் சொல்ல வேண்டுமானால் ‘ஹ்யூஜ் க்ரவுட்’, ‘லார்ஜ் க்ரவுட்’. ‘ஹெவி க்ரவுட்’ நம் ஊர் ஆங்கிலத்தில் புழங்குகிறது, ஆனால் வெளியூர் வாசகருக்கு விசித்திரமாகத் தெரியும். ஒருமையா பன்மையா என்றால், அமெரிக்கர்கள் ஒருமையில்தான் எழுதுவார்கள். பிரிட்டனில் கூட்டத்தில் இருக்கும் தனித்தனி ஆட்களை மனதில் வைத்துப் பன்மையிலும் எழுதுவார்கள். எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கட்டுரை முழுக்க அப்படியே போங்கள்.

படி 2: அவர்களாகக் கூடினார்களா, கூட்டப்பட்டார்களா?

தமிழிலேயே கூடுவது வேறு, கூட்டுவது வேறு. யாரோ நாள் குறித்து, அழைத்து, பேச வேண்டிய பொருளையும் வைத்துக் கூட்டியிருந்தால் அது ‘மீட்டிங்’. ‘அசெம்பிளி’ இன்னும் முறையானது. சட்டமன்றத்துக்கும் அதே பெயர், பள்ளியில் காலையில் நிற்கும் வரிசைக்கும் அதே பெயர், சட்டப் புத்தகத்திலும் அதே பெயர். நம் அரசியலமைப்பின் 19(1)(ஆ) பிரிவு அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைத் தருகிறதே, அங்கே வருவது இந்தச் சொல்லின் வினைவடிவம். அதனால்தான் ஒரு போராட்டத்தை ‘பீஸ்ஃபுல் அசெம்பிளி’ என்று எழுதினால் அவர்களுக்கு அங்கே நிற்க உரிமை உண்டு என்ற தொனி தானாகவே வந்துவிடுகிறது. ‘கேதரிங்’ மென்மையானது. குடும்ப விழா, பழைய மாணவர் சந்திப்பு, அஞ்சலி செலுத்த வந்தவர்கள் என்று எதற்கும் பொருந்தும்.

வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் பெயரை மாற்றும். கச்சேரி கேட்டால், நாடகம் பார்த்தால் ‘ஆடியன்ஸ்’. இதன் லத்தீன் வேரே கேட்பதைக் குறிப்பதுதான். விளையாட்டு பார்த்தால் ‘ஸ்பெக்டேட்டர்ஸ்’. வழிபட வந்திருந்தால் ‘காங்கிரிகேஷன்’, இதற்குள் ஆட்டு மந்தையைக் குறிக்கும் லத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது, தேவாலயத்தில் போதகர் தம் மக்களை மந்தை என்று சொல்வதோடு அது நன்றாகவே சேர்ந்துபோகிறது. சாலையில் விபத்து நடந்த இடத்தில் சும்மா வேடிக்கை பார்த்தவர்கள் ‘ஆன்லுக்கர்ஸ்’. வேறு வேலையாக அங்கே இருந்து, நடந்ததில் சம்பந்தமில்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் ‘பைஸ்டாண்டர்ஸ்’. இந்த இரண்டையும் குழப்பாதீர்கள், துப்பாக்கிச் சூட்டில் காயமடைந்த ஒருவரை எந்தச் சொல்லால் குறிக்கிறோம் என்பது அவருடைய குடும்பத்துக்கு முக்கியம்.

‘பப்ளிக்’ பற்றியும் ஒரு வார்த்தை. “திருடனைப் பிடித்து பப்ளிக் அடிச்சிட்டாங்க” என்று பேச்சில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘த பப்ளிக்’ என்றால் நாட்டு மக்கள் மொத்தமும். அந்தத் தெருவில் அடித்தது பத்துப் பேர். அங்கே பத்துப் பேர் என்றே எழுதுவதுதான் சரி.

படி 3: நின்றார்களா, நடந்தார்களா?

‘ரேலி’ என்றதும் நமக்குப் பேரணி நினைவுக்கு வருகிறது, பேரணி என்றால் கொடி பிடித்து நடந்து போவது. ஆனால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ரேலி என்றால் பெரும்பாலும் ஓர் இடத்தில் நின்று பேச்சைக் கேட்பது, அதாவது நம் பொதுக்கூட்டம். நடந்து போனால் ‘மார்ச்’. இந்திய ஆங்கிலத்தில் இரண்டையும் ரேலி என்றே எழுதுவதால் வெளிநாட்டு வாசகருக்குக் குழப்பம் வரும். சாமி புறப்பாடு, இறுதி ஊர்வலம் போன்றவை ‘ப்ரொசெஷன்’. ஒரு சவ ஊர்வலத்தை ‘பரேட்’ என்று எழுதிவிடாதீர்கள், பரேட் என்பது பிறர் பார்ப்பதற்காகவே அணிவகுத்துப் போவது. ஆர்ப்பாட்டம் ‘டெமான்ஸ்ட்ரேஷன்’, ‘ப்ரொடெஸ்ட்’ இதைவிட அகலமான சொல், ஒரே ஒருவர் பதாகையோடு நின்றாலும் அது ப்ரொடெஸ்ட்தான்.

படி 4: கை ஓங்கினார்களா?

இங்கே நின்று நிதானமாக யோசிக்க வேண்டும்.

‘மாப்’ என்பது லத்தீனில் நிலையற்ற பொதுஜனம் என்று பொருள்படும் ‘மொபிலே வுல்கஸ்’ என்ற தொடரைச் சுருக்கிச் சுருக்கி 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பிறந்த சொல். நம் கையில் இருக்கும் மொபைலும் அதே வேரிலிருந்து வந்ததுதான். மேல்தட்டு மக்கள் தெருவில் திரண்ட ஏழைகளைப் பார்த்துப் பயந்தும் வெறுத்தும் சொன்ன சொல் இது, அந்தப் பயமும் வெறுப்பும் இன்றுவரை அதை விட்டுப் போகவில்லை. தமிழில் கிட்டத்தட்ட ‘கும்பல்’. நாம் கூட கல்யாணத்துக்குக் கும்பல் வந்தது என்று எழுத மாட்டோம், வீட்டை அடித்து நொறுக்கியது ஒரு கும்பல் என்று எழுதுவோம். ஆக, கும்பல் என்று தமிழில் எழுதத் தயங்கும் இடத்தில் ஆங்கிலத்திலும் மாப் என்று எழுதாதீர்கள். மிக எளிய சோதனை இது, எனக்கு இதுவரை கைவிட்டதில்லை.

விதிவிலக்குகள் உண்டு. நடிகரை ரசிகர்கள் சூழ்ந்துகொண்டால் ‘மாப்ட் பை ஃபேன்ஸ்’ என்று வினையாக வரும், அதில் வன்முறை இல்லை, நெருக்கித் தள்ளுதல் மட்டும்தான். முன்பே பேசிவைத்துக்கொண்டு திடீரெனக் கூடி ஆடிவிட்டுக் கலைவது ‘ஃப்ளாஷ் மாப்’, 2003இல் நியூயார்க்கில் தொடங்கிய வழக்கம். அமெரிக்காவில் ‘த மாப்’ என்றால் மாஃபியா. ஆஸ்திரேலியாவில் கங்காருக் கூட்டம் மாப், அங்குள்ள பூர்வகுடி மக்கள் தங்கள் உறவுக்கூட்டத்தையே ‘மை மாப்’ என்று பெருமையோடு சொல்கிறார்கள். ஒரே சொல் கடல் தாண்டியதும் சொந்தபந்தம் என்று ஆகிவிட்டது, எனக்கு இது எப்போதும் வியப்பு.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கவனமாக இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 189ஆவது பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 141ஆவது பிரிவைப் போலவே, ஐந்து பேரோ அதற்கு மேலோ குறிப்பிட்ட சில குற்ற நோக்கங்களோடு சேர்ந்தால் அது சட்டவிரோத ‘அசெம்பிளி’ என்கிறது. அந்தக் கூட்டம் பலத்தைப் பயன்படுத்தினால்தான் கலவரம், அதாவது ‘ரயட்’. சாதி, இனம், மொழி போன்ற காரணங்களுக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொலை செய்வதைப் பற்றிப் பேசும் 103(2) பிரிவில்கூட ‘க்ரூப்’ என்ற சாதாரணச் சொல்தான் இருக்கிறது, செய்திகளில் நாம் தினமும் பார்க்கும் மாப் அங்கே இல்லை. இங்கிலாந்தின் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரயட் என்று சொல்லப் பன்னிரண்டு பேராவது சேர்ந்து வன்முறை செய்ய வேண்டும், அல்லது செய்வதாக மிரட்ட வேண்டும். பன்னிரண்டு என்ற இந்த எண்ணிக்கை பழசு. 1715இல் நடைமுறைக்கு வந்த ரயட் சட்டப்படி, பன்னிரண்டு பேர் அல்லது அதற்கு மேல் கூடி நின்றால் அதிகாரி ஓர் அறிவிப்பைச் சத்தமாக வாசிப்பார், ஒரு மணி நேரத்துக்குள் கலையாவிட்டால் பெரிய குற்றம். யாரையாவது கடுமையாக எச்சரிப்பதை ‘ரீட் த ரயட் ஆக்ட்’ என்று சொல்வது இதிலிருந்து வந்ததுதான். சரி, இவ்வளவு சொல்வதற்குக் காரணம், ரயட் என்ற சொல்லுக்குள் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது, வெறும் சலசலப்புக்கும் தள்ளுமுள்ளுக்கும் அதைப் போடக் கூடாது. ‘ஸ்கஃபில்’ என்ற சின்னச் சொல் அதற்குப் போதும்.

படி 5: யாருடைய கண்ணால் பார்த்து எழுதுகிறீர்கள்?

ஒரே நிகழ்ச்சியை இரண்டு சொற்கள் எப்படி இரண்டு நிகழ்ச்சிகளாக ஆக்குகின்றன என்பதற்கு மான்செஸ்டரில் ஒரு சுவர் சாட்சி. 1819 ஆகஸ்ட் 16 அன்று அந்த ஊரின் செயின்ட் பீட்டர்ஸ் ஃபீல்ட் திடலில் ஏறத்தாழ 60,000 பேர் திரண்டார்கள். அப்போது மான்செஸ்டருக்கு நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினரே கிடையாது, சீர்திருத்தம் கேட்டு, அதற்காகக் குரல் கொடுத்த மேடைப் பேச்சாளர் ஹென்றி ஹன்ட்டின் பேச்சைக் கேட்க, பெண்களும் பிள்ளைகளுமாகச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து அணிவகுத்து வந்திருந்தார்கள். ஹன்ட்டைக் கைது செய்ய மாஜிஸ்ட்ரேட்டுகள் உத்தரவிட, வாளேந்திய குதிரைப்படை கூட்டத்துக்குள் புகுந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த வாட்டர்லூ போரை நினைவுபடுத்தி, அந்தப் படுகொலைக்குப் பீட்டர்லூ என்று பெயர் வந்தது.

அந்த இடத்தில் பிற்காலத்தில் வைத்த நீலப் பலகையில், ஹன்ட் ஏறத்தாழ 60,000 பேர் கொண்ட ஓர் ‘அசெம்பிளி’யில் பேசினார் என்றும், பிறகு ராணுவம் அவர்களைக் கலைத்தது பீட்டர்லூ என்று நினைவுகூரப்படுகிறது என்றும் இருந்தது. கலைத்தது, அவ்வளவுதான். வெட்டுண்டு செத்தவர்கள் அந்த வாக்கியத்தில் இல்லை. மக்கள் தொடர்ந்து குரல் கொடுத்த பிறகு 2007இல் வேறு பலகை வந்தது, சிவப்பு நிறத்தில். அதில் ‘பீஸ்ஃபுல் ரேலி’ என்று இருக்கிறது, வந்தவர்கள் ஜனநாயகம் கேட்ட ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று இருக்கிறது, ஆயுதமேந்திய குதிரைப்படை தாக்கியது என்றும், 15 பேர் இறந்தார்கள், 600க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள் என்றும் இருக்கிறது. இறந்தவர்கள் 18 பேர் என்பது இன்று பலரும் சொல்லும் கணக்கு. அசெம்பிளி தவறான சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘கலைத்தது’ என்ற வினையோடு சேர்ந்ததால்தான் அது உண்மையை மறைத்தது. ஆகவே கூட்டத்துக்குப் பெயர் தேடும்போதே அதன் பக்கத்து வினையையும் பாருங்கள்.

படி 6: நெரிசல் என்று தமிழில் இருந்தால் ‘ஸ்டாம்பீட்’ எழுதாதீர்கள்

இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஸ்டாம்பீட் என்பது ஸ்பானிய மொழியிலிருந்து வந்து, அமெரிக்காவில் மாடுகளும் குதிரைகளும் மிரண்டு தெறித்து ஓடுவதைக் குறித்த சொல். மனிதர்களுக்கு அதைப் போட்டதும் வாசகர் மனதில் என்ன படம் வருகிறது? பயந்து ஓடி ஒருவரை ஒருவர் மிதித்த கூட்டம், பொறுப்பற்ற கூட்டம். ஆனால் இப்படிப்பட்ட சாவுகளில் பெரும்பாலும் யாரும் ஓடுவதே இல்லை, ஓட இடமே இருக்காது. ஒரு சதுர மீட்டருக்கு ஆறு ஏழு பேர் என்று ஆகிவிட்டால் கூட்டம் தண்ணீர் போல அலையடிக்கத் தொடங்கும், யாருக்கும் தன் உடல்மேல் கட்டுப்பாடு இருக்காது, மார்பு விரிய இடமில்லாமல் நின்ற நிலையிலேயே மூச்சு நின்றுபோகும். அதற்கு ஆங்கிலத்தில் ‘க்ரஷ்’ என்று சொல்ல வேண்டும்.

1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நடந்தது அதுதான். ஏற்கெனவே நிறைந்துவிட்ட கம்பி வேலிப் பட்டிகளுக்குள் மேலும் லிவர்பூல் ரசிகர்கள் போகும்படி வாயில் திறந்துவிடப்பட்டது. திறக்கச் சொன்னது போலீஸ், ஆனால் ரசிகர்கள் கதவை உடைத்துப் புகுந்ததாகப் பொய்யும் சொல்லப்பட்டது. 97 பேர் உயிர் போனது, கடைசி ஒருவர் அந்தக் காயத்தாலேயே 2021இல் இறந்தார். ரசிகர்கள் மேல் தவறில்லை, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று விசாரணை ஜூரி சொல்ல 2016 ஆயிற்று. இருபத்தேழு ஆண்டுகள். 2022 அக்டோபர் 29 அன்று சியோலின் இதேவோன் பகுதியில், சரிவான ஒரு குறுகிய சந்தில் 159 பேர் உயிரைப் பறித்ததும் நெரிசல்தான்.

நம் மொழியில் ‘நெரிசல்’ என்ற சொல் எவ்வளவு துல்லியமாக இருக்கிறது பாருங்கள். கழுத்தை நெரிப்பதும் அதே வேர். உண்மையில் நடந்ததை நம் செய்தித்தாள்கள் தமிழில் சரியாகவே சொல்கின்றன, அதே செய்தி ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் மாடுகள் ஓட ஆரம்பிக்கின்றன. கூட்ட நெரிசலில் சிக்கி இறந்தார்கள் என்றால் ‘டைட் இன் எ க்ரவுட் க்ரஷ்’ என்று எழுதுங்கள். மக்கள் உண்மையிலேயே எதற்கோ பயந்து ஓடியிருந்தால், அதை நேரில் பார்த்தவர்கள் சொல்லியிருந்தால், அப்போது மட்டும் மற்றச் சொல்.

படி 7: உவமையாக வரும் சொற்களில் கை வைக்கும் முன்

‘த்ராங்’ நல்ல சொல், கொஞ்சம் எழுத்து வழக்கானது, திருவிழாவுக்கு அழகாகப் பொருந்தும். பக்தர்கள் கோயிலில் குவிந்தனர் என்பதற்கு நம் ஊர் ஆங்கிலத் தலைப்புகளில் இதை வினையாகப் போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டோம், அதனால் சிக்கனமாக. ‘மல்டிடியூட்’ பைபிள் வாசனை உள்ள சொல், தமிழ் வேதாகமத்தில் “திரளான ஜனங்கள்” என்று வருமே, அந்தத் தொனி. பஸ் நிறுத்தக் கூட்டத்துக்கு அது பெரிய சட்டை. ‘த மாஸஸ்’ என்றால் வெகுஜனம், மேலிருந்து கீழே பார்க்கும் தொனி சில நேரம் வந்துவிடும், தமிழ்ச் சினிமாப் பேச்சில் வரும் ‘மாஸ்’ வேறு, அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் யாருக்கும் புரியாது. ‘ரேபிள்’ நேரடி வசவு. மேற்கோளில் யாராவது சொல்லியிருந்தால் தவிர எழுத வேண்டாம்.

‘ஹோர்ட்’ துருக்கிய மொழிகளின் ‘ஓர்து’ என்ற சொல்லிலிருந்து வந்தது, படை முகாம் என்று பொருள். உருது மொழியின் பெயருக்கும் அதே வேர். இன்று ஆங்கிலத்தில் அது அநாகரிகமாகப் படையெடுத்து வரும் கூட்டம் என்ற பொருளில்தான் நிற்கிறது. எழுத்தில் இன்னொரு பள்ளம்: கூட்டத்தைக் குறிக்கும் சொல்லின் முடிவில் ‘ஈ’ வரும் (horde), பதுக்கிவைப்பதைக் குறிக்கும் சொல்லில் ‘ஓ’வுக்குப் பின் ‘ஏ’ வரும் (hoard), உச்சரிப்பு இரண்டுக்கும் ஒன்றே. ‘ஸ்வார்ம்’ தேனீக்கும் வெட்டுக்கிளிக்கும் உரியது. 2015 ஜூலையில் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரன் மத்தியதரைக் கடலைத் தாண்டி வருபவர்களை ஸ்வார்ம் என்று சொன்னபோது, மனிதர்களைப் பூச்சியாக்கிவிட்டார் என்று கடுமையாகக் கண்டித்தார்கள். அகதிகளைப் பற்றி எழுதும்போது ஈ, வெள்ளம், படை எதுவும் வேண்டாம். எத்தனை பேர், எங்கிருந்து, எதில் வந்தார்கள் என்று எழுதினால் போதும்.

படி 8: ஒரு நாள் முழுக்க எழுதிப் பாருங்கள்

ஒரு கற்பனை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். காலையில் ஒரு மேம்பாலத்துக்குக் கீழே லாரி மோதி ஒரு மாணவர் இறந்துபோகிறார். எட்டு மணிக்குச் சுற்றி நின்றவர்கள் ஆன்லுக்கர்ஸ். ஒன்பது மணிக்கு அக்கம்பக்கத்தாரும் சேர்ந்ததும் க்ரவுட். பத்து மணிக்கு, இங்கே வேகத்தடை வேண்டும் என்று சாலையில் உட்கார்ந்ததும் அவர்கள் ‘ப்ரொடெஸ்டர்ஸ்’. மறியல் என்பதற்கு ‘ரோட் ப்ளாக்கேட்’. பதினொரு மணிக்கு ஒரு பஸ் கண்ணாடி உடைகிறது.

இந்த இடத்தில்தான் அவசரத்தில் “த மாப் டர்ன்ட் வயலென்ட்” என்று விரல் தானாக அடித்துவிடும். நிறுத்துங்கள். முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், கல்லெடுத்தது எத்தனை பேர் என்று விசாரியுங்கள். நான்கு பேர் என்று தெரிந்தால் “ஃபோர் மென் த்ரூ ஸ்டோன்ஸ் அட் எ பஸ்” என்று எழுதுங்கள். எண்ணிக்கை தெரியவில்லையா, “சம் இன் த க்ரவுட்” என்று எழுதுங்கள். சாலையில் உட்கார்ந்திருக்கும் அந்த மாணவரின் அம்மாவும் அந்த வாக்கியத்துக்குள்தான் இருக்கிறார்.